கேக்குக்கு முழங்கால் மடக்கிய பெண்கள்: ஒரு நாவல் கைப்பிரதிக்குப் பதில்

கேள்வி: நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 1950-ல், லண்டனில் நடக்கிறது. நாயகி எலினார் ஒரு ஏர்லின் (பரம்பரைப் பட்டம் கொண்ட பிரபு) மூத்த மகள், 18 வயது. அரண்மனையில் மன்னர் முன் அறிமுகமாகிறாள். நடன விருந்துகளில் ஜொலிக்கிறாள். தந்தை இறந்ததும் மாளிகைக்கு உரிமையாளர் ஆகிறாள். 19 வயதில் ஒரு பத்திரிகையாளனோடு ஓடிப்போய் லண்டன் தேவாலயம் ஒன்றில் மணம் முடிக்கிறாள். படித்த தோழிகள் "அம்புலிமாமா ராஜகுமாரி கதை மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்? "கமிங் அவுட்" என்பதை "பூப்பு விழா" என்று எழுதியிருக்கிறேன், சரியா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். நடையில் எனக்குக் குறை இல்லை. தோழிகள் சொன்னதும் சரி. ராஜகுமாரி கதையில் யாரும் காசு எண்ண மாட்டார்கள். உங்கள் கதையிலும் எண்ணவில்லை. அறுபத்தேழு பக்கத்தில் ஒரு பில், ஒரு வரி நோட்டீஸ், ஒரு ரேஷன் கூப்பன் கண்ணில் படவில்லை. போர் முடிந்த இங்கிலாந்தில் பிரபு வீட்டார் ஓயாமல் கவலைப்பட்டது இவற்றைப் பற்றித்தான்.

சொல் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். "பூப்பு விழா" வேண்டாம். நம் சடங்கு உடலில் நடந்த ஒன்றை ஊருக்குச் சொல்கிறது. அங்கே உடலுக்கும் சடங்குக்கும் சம்பந்தமே கிடையாது. பள்ளிப் படிப்பு முடிந்த, பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணை "இனி இவளை விருந்துக்கு அழைக்கலாம், பெண் கேட்கலாம்" என்று அரச முத்திரையோடு அறிவிப்பது அது. நோக்கம் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுதான். ஆனாலும் அந்தச் சொல்லைப் போட்ட கணத்தில் தமிழ் வாசகர் மனதில் பச்சை ஓலைக் குடிசையும் உளுந்தங்களியும் வந்துவிடும், எலினார் காணாமல் போவாள். "அரண்மனை அறிமுகம்" என்று எழுதுங்கள். அறிமுகத்தை ஒட்டி நடக்கும் விருந்து, நடன வரிசையைக் குறிக்கும் "சீசன்" என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம். குற்றால சீசன், டிசம்பர் கச்சேரி சீசன் என்று புழங்கும் நமக்கு அது சொந்தச் சொல். அப்படி அறிமுகமாகும் பெண்ணைக் குறிக்கும் "டெபுடன்ட்" அப்படியே இருக்கட்டும், இரண்டாம் முறை படிக்கும்போது பழகிவிடும்.

இன்னொன்று: வேலைக்காரர்கள் அவளை "இளவரசி" என்று அழைக்கிறார்கள். ஏர்லின் மகள் "லேடி எலினார்", அவ்வளவுதான். நேரில் பேசும்போது "மை லேடி". சட்டத்தின் கண்ணில் அவள் சாதாரணக் குடிமகள். பட்டம் தந்தைக்கு மட்டும். அவர் போனபின், பெரும்பாலும், மகனுக்கு. மகன் இல்லையென்றால் தம்பிக்கு, தம்பி மகனுக்கு, எங்கோ தூர தேசத்தில் ஆடு மேய்க்கும் ஒன்றுவிட்ட பங்காளிக்கு. மாளிகையும் நிலமும் பெரும்பாலும் பட்டத்தின் பின்னாலேயே போய்விடும். ஆக, "தந்தை இறந்ததும் மாளிகைக்கு உரிமையாளர் ஆகிறாள்" என்ற இடம் இடிந்து விழுகிறது. வருத்தப்படாதீர்கள். அந்த இடிபாட்டில்தான் உங்கள் நாவல் இருக்கிறது.

இனி 1950. உங்கள் முதல் அத்தியாயத்தில் எலினார் தலையில் மூன்று தீக்கோழி இறகுகள், தோளிலிருந்து தரையில் புரளும் நீள அங்கி, இரவு, சரவிளக்கு. இதெல்லாம் 1939-க்கு முந்தைய காட்சி. போரோடு நின்ற அறிமுகம் 1947-ல் மீண்டும் தொடங்கியபோது இரவு தர்பாரும் இறகும் திரும்பி வரவில்லை. பட்டப்பகல், குட்டையான பகல்நேர உடுப்பு, தொப்பி, கையுறை. இரண்டாம் அத்தியாய விருந்தில் இறைச்சி நான்கு வகை, கேக் மூன்று அடுக்கு. 1950-ல் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை, தேயிலை எல்லாம் ரேஷன். போர் நடந்த காலத்தில்கூட ரேஷனில் சேராத ரொட்டியை, போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை ரேஷனில் வைத்திருந்தார்கள். துணிக்குக் கூப்பன் 1949 மார்ச் வரை இருந்தது. பட்டத்து இளவரசி எலிசபெத் 1947-ல் தன் கல்யாணப் புடவைக்கு, மன்னிக்கவும், கல்யாண கவுனுக்குக் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. இரக்கப்பட்ட பெண்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்ப, அடுத்தவர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று அவை திருப்பி அனுப்பப்பட்டன. எலினாரின் அலமாரியைப் பற்றி எழுதுமுன் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தச் சொல்லலாம். அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு: கதையை எட்டு ஆண்டு தள்ளிப்போடுங்கள். 1958.

ஏன் என்றால், அதுதான் கடைசி ஆண்டு. 1957 நவம்பரில் அரண்மனை ஓர் அறிவிப்பு விட்டது: அடுத்த ஆண்டோடு டெபுடன்ட் அறிமுகம் நிறுத்தப்படும். தாய்மார்கள் பதறிப்போனார்கள். இந்த முறை விட்டால் என்றைக்கும் இல்லை என்று விண்ணப்பங்கள் குவிந்தன. 1958 மார்ச்சில் மூன்று நாட்களில் ஏறக்குறைய 1,400 பெண்கள் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போய்வந்தார்கள். மார்ச் மாத லண்டன் குளிரில், மெல்லிய பட்டு உடுப்பில், வரிசையில் நடுங்கியபடி. பெயர் வாசிக்கப்படும், அரசிக்கு ஒரு வணக்கம், பக்கத்தில் இளவரசர் பிலிப்புக்கு ஒரு வணக்கம், அடுத்த பெண். சில நொடிகள். அதற்காக மாதக்கணக்கில் பயிற்சி. நைட்ஸ்பிரிட்ஜ் பக்கம் பிராம்ப்டன் சாலையில் மேடம் வகானி என்ற நடன ஆசிரியை அந்த வணக்கத்தைக் கற்றுத்தந்தார்: இடது காலைப் பின்னே கொண்டுபோய், இடது முழங்காலை வலது முழங்காலுக்குப் பின்னால் பூட்டி, முதுகு வளையாமல் இறங்கி, தள்ளாடாமல் எழ வேண்டும். நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன், மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

1958-ல் 18 வயது என்றால் எலினார் 1940-ல் பிறந்தவள். மிட்டாய் ரேஷன் 1953 பிப்ரவரியில் ஒழிந்தது, இறைச்சி ரேஷன் 1954 ஜூலையில். அவளுடைய பால்யம் முழுக்கக் கூப்பன் புத்தகம். வீட்டை ராணுவமோ மருத்துவமனையோ ஒரு பள்ளிக்கூடமோ எடுத்துக்கொண்டிருக்கும். டெவன்ஷயர் பிரபுக்களின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் போர்க்காலம் முழுவதும் ஒரு பெண்கள் பள்ளி குடியிருந்தது. பனி பெய்யும் அறையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுத் தூங்கிய பிள்ளையைத்தான் பதினெட்டு வயதில் பட்டு உடுத்தி அரண்மனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் நாயகிக்கு இந்த நினைவு வேண்டும்.

இப்போது பணம். இதில் கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

இறப்பு வரி என்று ஒன்று இருந்தது. குடும்பத் தலைவர் செத்தால் சொத்தில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு. மிகப் பெரிய சொத்துகளுக்கு 1946-ல் 75 சதவீதம், 1949 முதல் 80 சதவீதம். தப்பிக்க ஒரு வழி இருந்தது: சாவதற்கு ஐந்து ஆண்டு முன்பே பிள்ளைக்கு எழுதிவைத்துவிட வேண்டும். பத்தாவது டெவன்ஷயர் டியூக் அப்படி எழுதிவைத்தார். ஐந்து ஆண்டு நிறைய இன்னும் சில மாதம்தான் இருந்தது. 1950 நவம்பரில் போய்விட்டார். 80 சதவீதம். மூத்த மகன் 1944-லேயே பெல்ஜியத்தில் போரில் செத்துவிட்டான். அவன் மணந்திருந்த கேத்லின் கென்னடி, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை, 1938-ல் லண்டனில் அறிமுகமான டெபுடன்ட், 1948-ல் விமான விபத்தில் இறந்தாள். இளைய மகன் கையில் வந்து விழுந்தது பட்டமும் கடனும். ஓவியங்களும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையும் போயின. கடன் முழுதும் தீர 1974 ஆயிற்று.

அவர்கள் சமாளித்தார்கள். சமாளிக்காதவர்கள் கூரையைப் பிரித்து, ஈயத் தகட்டையும் படிக்கட்டு மரத்தையும் எடைக்குப் போட்டார்கள். 1950-களின் நடுவில் கிராமப்புற மாளிகைகள் வாரத்துக்கு ஒன்றாவது இடிக்கப்பட்டன. பாத் பிரபு வேறு வழி பார்த்தார்: 1949-ல் லாங்லீட் மாளிகையைத் திறந்துவிட்டு, அரை கிரவுன் டிக்கெட் போட்டு ஊராரை உள்ளே விட்டார். பாட்டனார் படுத்த கட்டிலை டிக்கெட் வாங்கியவர்கள் எட்டிப் பார்க்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே நின்றிருப்பார்கள்? அந்த முகங்களை எழுதுங்கள்.

ஆகவே என் யோசனை: தந்தையை 1950-ல் சாகவிடுங்கள், எலினாருக்குப் பத்து வயதில். ஒரு தம்பியைக் கொடுங்கள், நான்கு வயது சின்னவன். ஆறு வயதில் அவன் ஏர்ல். 1958-ல் ஈட்டன் என்ற பெயர்பெற்ற ஆண்கள் பள்ளியில் படிக்கிறான். எலினார் பதினாறு வரை வீட்டில் ஆசிரியையிடம் படித்தவள். பிறகு பாரிஸில் ஆறு மாதம் பிரெஞ்சும் பூ அலங்காரமும். இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கக் கூடாது, அவளும் கேட்கக் கூடாது, ரொம்ப நாள் வரைக்கும்.

அப்புறம், நடனக் காட்சியைச் சுருக்கிவிட்டு காலை உணவு மேசைக்கு வாருங்கள். அம்மாவின் கணக்கு நோட்டு திறந்தபடி கிடக்கிறது. ஒரு பக்கத்தில் "கூரை – ஈயம்" என்று ஒரு தொகை, கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் "எலினார்" என்று தலைப்பிட்டு உடுப்பு, கூடாரம், வாத்தியக் குழு, ஷாம்பெயின், லண்டன் வாடகை வீடு. கூட்டுத் தொகை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று. அவள் பார்க்கிறாள், முட்டையை உடைக்கிறாள். என்னைக் கேட்டால் அவள் வயதுக்கு வருவது அங்கேதான். அரண்மனையில் நடந்ததெல்லாம் முழங்கால் பயிற்சி.

சீசன் இயங்கிய விதத்தையும் கணக்காகவே பாருங்கள். எனக்கு அது புரிந்தது எங்கள் வீட்டு மொய் நோட்டை நினைத்தபோதுதான். ஆண்டின் தொடக்கத்திலேயே தாய்மார்கள் ஒருவருக்கொருவர் மதிய விருந்து வைப்பார்கள். பெண்கள் வேண்டியதில்லை, தாய்மார்கள் மட்டும். உன் மகள் நடனம் எந்தத் தேதி, என் மகளுக்கு எந்தத் தேதி, யாரை அழைப்பது. நீ என் மகளை அழைத்தால் நான் உன் மகளை அழைக்க வேண்டும். வைக்காதவளுக்கு வராது. தேதிகள் மோதாமல் பார்த்துக்கொள்ள "ஜெனிஃபர்" என்ற பெயரில் சமூகப் பத்தி எழுதிய பெட்டி கென்வர்டைக் கேட்பார்கள். தகுந்த பையன்களின் பட்டியல் ஒன்று கைமாறும். சில பெயர்களுக்கு எதிரே என்.எஸ்.ஐ.டி. என்று குறிப்பு இருக்கும்: டாக்சியில் தனியாக அனுப்ப லாயக்கில்லாதவன். உங்கள் பத்திரிகையாளன் அந்தப் பட்டியலிலேயே இல்லாதவன் என்பது குறிப்போடு இருப்பதைவிட மோசம். இதை வைத்து ஒரு அத்தியாயம் எழுதலாம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஒரு பெண்ணை அறிமுகம் செய்துவைப்பவள் தானும் முன்பு அறிமுகமானவளாக இருக்க வேண்டும் என்பது விதி. நொடித்துப்போன சில சீமாட்டிகள் அந்தத் தகுதியை வாடகைக்கு விட்டார்கள். புதுப் பணக்காரத் தந்தை காசு கொடுப்பார். சீமாட்டி அவர் மகளைக் கைப்பிடித்து அரண்மனைக்குள் அழைத்துப்போவாள். எலினாரின் தாய்க்கு இப்படி ஓர் அழைப்பு வரட்டும். எலினாரின் உடுப்புச் செலவு இன்னொருத்தியை அறிமுகம் செய்த கூலியில் கழியட்டும். உங்கள் கதையில் இல்லாத வில்லத்தனம் எல்லாம் இந்த ஒரு காசோலையில் வந்து உட்கார்ந்துவிடும், யாரும் கெட்டவராக இல்லாமலே.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். பார்க் லேனில் கிராவனர் ஹவுஸ் என்ற ஹோட்டலில் ஆண்டுதோறும் குயின் ஷார்லட் நடனம் நடக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் அரண்மனை போன்ற வீடு இருந்த இடம் அது. 1920-களில் வீட்டை இடித்து ஹோட்டல் கட்டினார்கள். வெள்ளை உடுப்பில் வரிசையாக இறங்கிவரும் பெண்கள், மெழுகுவத்தி ஏற்றிய ஒரு பிரம்மாண்டமான கேக்கின் முன் முழங்கால் மடக்கி வணங்குவார்கள். ஆமாம், கேக்கை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் மனைவி ஷார்லட்டின் பிறந்தநாளுக்கு வைத்த நடனத்தின் மிச்சம் அது. வசூலாகும் பணம் ஒரு பிரசவ மருத்துவமனைக்கு. அரண்மனை கதவை மூடிய பிறகும் இந்த நடனம் 1976 வரை ஓடியது: அரசி இல்லாமல், கேக்கை வைத்தே. நீங்களாக இதைக் கற்பனை செய்திருந்தால் நானே அடித்து நீக்கியிருப்பேன். நடந்த ஒன்று என்பதால் போடுங்கள், ஆனால் கிண்டல் தொனி இல்லாமல். எலினார் அன்று மனப்பூர்வமாக வணங்கட்டும்.

ஓடிப்போகும் கட்டத்துக்குச் சட்டச் சிக்கல் உண்டு. அப்போது இங்கிலாந்தில் சட்டப்படி வயது வருவது என்றால் 21. அது 18 ஆனது 1970-ல்தான். 21-க்குக் கீழே பெற்றவர் சம்மதம் இல்லாமல் மணம் முடிக்க முடியாது. லண்டன் பாதிரியார் செய்துவைக்க மாட்டார். ஆனால் எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் 16 போதும், சம்மதம் தேவையில்லை. அந்நாளில் அங்கே சில வாரம் தங்கியிருக்க வேண்டும், அவ்வளவே. 1954 ஜனவரியில் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித் என்ற இளைஞர் பொலிவியாவின் தகரச் சீமான் பட்டீனோவின் 18 வயது மகள் இசபெலை அப்படித்தான் மணந்தார். தந்தை தடுக்கப் பார்க்க, பத்திரிகைகள் துரத்த, ஊரே படித்தது. சில மாதத்தில், கர்ப்பமாக இருந்தபோதே, இசபெல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாள். குழந்தையை அறுவை செய்து காப்பாற்றினார்கள். எலினாருக்கு இந்தச் செய்தி பதினான்கு வயதில் காதில் விழுந்திருக்கும். ஸ்காட்லாந்து ரயிலில் ஏறும்போது அவளுக்கு நினைவு வர வேண்டியது இது. உங்கள் பத்திரிகையாளனும் அந்த வாரங்களை எங்காவது கழித்தாக வேண்டும். மலிவான விடுதி, மழை, வாடகைக்குக் கைச்சங்கிலியை விற்பது. காதல் அங்கே சோதிக்கப்படும், தேவாலயத்தில் அல்ல.

பேச்சுமொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பிரபு வீட்டாருக்கு நீங்கள் கொடுத்திருக்கும் தமிழ் செம்மொழி மாநாட்டுத் தமிழ். 1954-ல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் மேல்குடிச் சொல்லையும் மற்றவர் சொல்லையும் பிரித்துக் காட்டினார். அதில் வேடிக்கை, எளிய பழைய சொல்லைச் சொல்பவர்கள் மேலே, நாசூக்கான சொல்லைச் சொல்பவர்கள் கீழே. கைத்துண்டுக்கு "நாப்கின்" என்றால் மேல்குடி. "சர்வியட்" என்று பிரெஞ்சைக் கொண்டுவந்தால் மாட்டிக்கொண்டார். நம் ஊரில் "சோறு" என்று சொல்லக் கூசி "சாதம்", "ரைஸ்" என்பவர்கள் உண்டல்லவா? அங்கே டியூக் கூச்சமில்லாமல் "சோறு" என்பார். ஆகவே எலினாரின் பாட்டிக்குக் கட்டையான, நேரடியான, கொஞ்சம் மரியாதை குறைந்த தமிழைக் கொடுங்கள். அலங்காரத் தமிழைப் புதுப் பணக்காரருக்குக் கொடுங்கள். அக்கிரகாரத் தமிழையோ ஜமீன் தமிழையோ மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், இடம் மாறிவிடும்.

கடைசியாக, "அவளுக்கு என்ன முடிவு கொடுப்பது" என்று ஓரத்தில் பென்சிலில் கேட்டிருக்கிறீர்கள். அந்த 1958 வரிசையில் நின்ற இருவரைச் சொல்கிறேன். பியோனா மெக்கார்த்தி ஆக்ஸ்போர்டுக்குப் போனார், வில்லியம் மாரிஸ், பைரன் போன்றோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிப் பெரும் பெயர் எடுத்தார். ரோஸ் டக்டேலும் ஆக்ஸ்போர்டுக்குத்தான் போனார். பிறகு ஐரிஷ் குடியரசுப் படையின் (ஐ.ஆர்.ஏ.) பக்கம் சேர்ந்து, 1974-ல் அயர்லாந்தில் ஒரு மாளிகைக்குள் புகுந்து வெர்மீர் உட்பட 19 ஓவியங்களைக் கொள்ளையடித்த கும்பலில் இருந்தார், ஒன்பது ஆண்டு தண்டனை பெற்றார். ஒரே வரிசை, ஒரே முழங்கால் பயிற்சி. அதே 1958-ல்தான் பிரபுக்கள் சபையில் பெண்கள் முதன்முதலாக உட்கார்ந்தார்கள், ஆயுள்காலப் பட்டம் பெற்றவர்களாக. பரம்பரைப் பட்டம் கொண்ட பெண்களுக்கு அதற்கும் 1963 வரை காத்திருக்க நேர்ந்தது.

எலினார் இவர்களில் யார் மாதிரியும் ஆக வேண்டாம். பெரும்பாலானவர்கள் சீசன் முடிந்து ஓரிரு ஆண்டில் கல்யாணம் செய்துகொண்டு கிராமத்து வீட்டில் நாய் வளர்த்தார்கள், அதுவும் கதைதான். முடிவை இப்போது யோசிக்காதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் காலை உணவு மேசையில் வைத்து மறுபடி எழுதி அனுப்புங்கள். முட்டையின் எண்ணிக்கை சரியா என்று முதலில் பார்ப்பேன்; 1953 மார்ச்சுக்குப் பிறகு முட்டைக்கு ரேஷன் இல்லை, தாராளமாக இரண்டு வைக்கலாம்.